கடல் கடந்த கூலிகளும் கல்கத்தாவின் குரலும்

கொல்கத்தாவில் வாழும் நேயர்கள் கார்டன் ரீச் பக்கம் சென்றால், ஹூக்ளி நதியோரம் சுரிநாம் படித்துறையைக் காணலாம். மூட்டை முடிச்சுடன் கப்பலேறிய ஏழைத் தம்பதியின் சிலை 2015இல் அங்கே நிறுவப்பட்டது.

அத்தகையோரைக் கடல் கடத்தியது ஒரே அரசாங்கம் அன்று. லண்டனிலிருந்த குடியேற்ற நாட்டு இலாகா, இந்திய சர்க்கார், தீவுகளின் கவர்னர்கள், சர்க்கரைத் தோட்ட முதலாளிகள் ஆகிய பலரும் சேர்ந்து, பல கடல்களைத் தழுவி நடத்திய ஆட்சி அது. அதில் கூலிக்கு வாக்கு ஏது? அந்த ஆட்சியைப் பதில் சொல்ல வைத்தவர்களில் பலர் எந்த அரசாங்கப் பதவியும் வகிக்காதவர்கள்.

1838 ஜனவரியில் ‘விட்பி’, ‘ஹெஸ்பரஸ்’ என்னும் கப்பல்கள் கல்கத்தாவிலிருந்து பிரிட்டிஷ் கயானாவுக்குப் புறப்பட்டன. அவ்வாண்டு ஜூலை 10ஆம் தேதி நகர மண்டபத்தில் பொதுக்கூட்டம் கூடி, இவ்வியாபாரத்தை எதிர்த்து விண்ணப்பம் செய்தது. விசாரணைக் குழு அமைந்தது. ரசமய தத்தர் என்னும் வங்காளியும் அதில் இடம்பெற்றார். 1839இல் ஆள் ஏற்றுமதிக்குத் தடை விதிக்கப்பட்டது. ஆயினும் முதலாளிகளின் செல்வாக்குப் பெரிது. 1842இல் மொரீஷியஸுக்கும், 1844இல் மேற்கிந்தியத் தீவுகளுக்கும் மீண்டும் அனுமதி கிடைத்தது.

‘அக்ரிமெண்ட்’ என்ற ஆங்கிலச் சொல் கூலிகளின் நாவில் ‘கிர்மிட்’ ஆயிற்று. ஐந்தாண்டு வேலை, தவறினால் சிறை. அச்சிறைத் தண்டனையைப் பற்றி அவர்கள் கைநாட்டிட்ட தாளில் விளக்கமில்லை என்பதை, 1912 மார்ச் 4ஆம் தேதி கல்கத்தாவில் கூடிய சட்டசபையில் கோகலே எடுத்துரைத்தார். மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட எனக்கு இச்செய்தி உள்ளத்தைச் சுடுகிறது. அவருடைய தீர்மானத்துக்கு 22 வாக்குகள், எதிராக 33.

பிறகு அரசாங்கம் அனுப்பிய இருவர் குழு, குறைகள் இருப்பினும் நன்மையே மிகுதி என்று எழுதிற்று. சாந்திநிகேதனத்து ஆசிரியர்களான ஸி. எப். ஆண்ட்ரூஸும் டபிள்யூ. டபிள்யூ. பியர்ஸனும் 1915இல் எவர் நியமனமும் இன்றிப் பிஜித் தீவுக்குச் சென்றனர். கூலி லயன்களில் நுழைந்து, தொழிலாளரிடமே கேட்டறிந்தனர். நூறு ஆண்களுக்கு நாற்பது பெண்கள் என்ற சட்ட விகிதம் குடும்ப வாழ்வை எவ்வாறு சிதைத்தது என்பதை அவர்களுடைய 1916ஆம் ஆண்டு அறிக்கை அம்பலமாக்கிற்று. 1903 முதல் சென்னையிலிருந்தும் பிஜிக்கு ஆட்கள் சென்றார்கள். அங்கே வாடிய பெண்களின் துயரைப் பாரதியார் பாடியதை நேயர்கள் அறிவர்.

1916 மார்ச்சில் மாளவியாவின் தீர்மானத்தை வைசிராய் ஹார்டிஞ்ச் பிரபு ஏற்றார். ஆனால் நாள் குறிக்கவில்லை. காந்தியடிகள் கல்கத்தா, கராச்சி முதலிய நகரங்களில் பேசினார். பெண்கள் தூதுக்குழுவாகச் சென்று அடுத்த வைசிராயைக் கண்டனர். 1917 மார்ச்சில் ஆள் சேர்ப்பு நின்றது. பிஜியில் எஞ்சியிருந்த ஒப்பந்தங்கள் 1920 ஜனவரி முதல் தேதி ரத்தாயின.

அரசு சாராத அமைப்புகளைக் கலந்தாலோசிக்கலாம் என்று ஐக்கிய நாடுகள் சாசனத்தின் 71ஆம் பிரிவு கூறியது 1945இல். அவ்வாறான விதி எதுவும் இல்லாத காலத்தில் நடந்தது இது.

ஆனால் கங்காணி முறைக்கு இந்த வெற்றி எட்டவில்லை. அங்கே ரத்து செய்வதற்குக் கிர்மிட் தாள் இல்லை. கங்காணியிடம் பட்ட கடனே கட்டிப்போட்டது. மலாயாவுக்கு அவ்வாறு நம்மவர் செல்வதை இந்திய அரசாங்கம் நிறுத்தியது 1938இல்தான்.