உரைகல்லும் விலைக் குறியீடும்

2025 அக்டோபரில் இந்தியாவின் சில்லறைப் பணவீக்கம் 0.25 சதவீதமாக இருந்தது. 2012-ஐ அடிப்படை ஆண்டாகக் கொண்ட வரிசையில் அதைவிடக் குறைந்த அளவு அதுவரை பதிவானதில்லை. அதே மாதம், சோப்போடு தங்கத்தையும் வெள்ளியையும் சேர்த்துக் கணக்கிடும் ‘தனிநபர் பராமரிப்பு’ப் பிரிவு மட்டும் 23 சதவீதத்துக்கு மேல் ஏறியிருந்தது. அந்த ஏற்றத்துக்குப் பெருங்காரணம் தங்கம். அந்த விலைக் குறியீட்டு வரிசையின் நூறு பங்குக் கூடையில் அதன் எடை 1.08, வெள்ளியுடையது 0.11 என்று இருந்தது. இந்த எடை போதுமா என்ற விவாதம் எப்போதும் உண்டு. எனக்கு அதற்கு முந்தைய கேள்வி முக்கியமாகப் படுகிறது: நகையின் விலை என்று எதை அளக்கிறோம்? போன மாதம் விலை கேட்ட அதே பொருளுக்கு இந்த மாதமும் விலை கேட்டால்தான் குறியீட்டுக்குப் பொருள் உண்டு. அரிசியில் ரகத்தைக் குறித்துக்கொண்டால் போதும். நகையிலோ, ‘அதே பொருள்’ என்ற உறுதியே அண்மைக் காலத்தில்தான் கிடைத்தது.

நெடுங்காலம் மாற்றை அறிய உரைகல்லும், அதில் இழுத்துப் பார்க்கும் பத்தரின் கண்ணுமே வழி. வாங்கியவருக்குத் தெரிந்தது எடையும் கடைக்காரரின் சொல்லும்தான். அரசே மாற்றைக் குலைத்த காலமும் உண்டு. சீனப் போருக்குப் பின், 1963 ஜனவரியில், மொரார்ஜி தேசாய் நிதியமைச்சராக இருந்தபோது, 14 காரட்டுக்கு மேற்பட்ட புது நகை செய்வது தடைசெய்யப்பட்டது. 22 காரட்டில் நூற்றுக்கு 91.6 பங்கு தங்கம். 14 காரட்டில் 58.3 பங்குதான். அன்று ஒருவர் ‘புது நகை, ஒரு கிராம்’ என்று மட்டும் விலை குறித்திருந்தால், நகை மலிந்துவிட்டது என்றே அவருடைய ஏடு காட்டியிருக்கும். தொழில் போன பொற்கொல்லர்கள் பலர் உயிரை மாய்த்துக்கொண்ட காலம் அது. 1966-இல் அந்த வரம்பு நீங்கினாலும், 1968-இன் தங்கக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1990 வரை நீடித்தது. கட்டியாகத் தங்கம் வைத்திருப்பதே குற்றமாக இருந்த நாட்டில் கடத்தல் தங்கம் புழங்கியது. வெளிப்படையான ஒரே விலை என்று எதையும் சுட்டுவது கடினமாக இருந்தது. ஹால்மார்க் முத்திரை 2000-இல் வந்தது. அது கட்டாயமாகத் தொடங்கியது 2021 ஜூனில்தான். ‘916’ என்று பொறித்த நகை வந்த பிறகே, இரண்டு கடைகளின் விலையை அருகருகே வைத்துப் பார்ப்பதில் நியாயம் பிறந்தது.

‘அதே பொருள்’ என்ற இதே கேள்வியில் கைக்கடிகாரத்தின் சிக்கல் நேர் எதிரானது. 1961-இல் ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தோடு சேர்ந்து பெங்களூரில் எச்.எம்.டி. செய்யத் தொடங்கிய கடிகாரத்துக்கு நாள்தோறும் சாவி கொடுக்க வேண்டும். 1980-களின் பிற்பாதியில் ஓசூரிலிருந்து டைட்டனின் குவார்ட்ஸ் கடிகாரங்கள் வந்தன; அவற்றுக்குச் சாவியே வேண்டாம், நேரமும் பிசகாது. இங்கே பொருளின் அடையாளத்தில் ஐயமில்லை, பொருளே மாறிவிட்டது. கூடுதல் விலையில் எவ்வளவு மேம்பட்ட தரத்துக்கு, எவ்வளவு வெறும் ஏற்றம் என்று பிரிப்பதே அங்கு வேலை.

தங்கம் சேமிப்பாயிற்றே, அதை நுகர்வுக் கணக்கில் ஏன் சேர்க்க வேண்டும் என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. மதிப்பைக் காக்க வாங்கும் அரும்பொருள்களை நாட்டுக் கணக்கியல் நுகர்விலிருந்து பிரித்துத்தான் வைக்கிறது. பொருளாதாரத்தின் அடிப்படை அழுத்தத்தை அறிய, தங்கம், வெள்ளி நீக்கிய பணவீக்கத்தைத் தனியே பார்ப்பதும் அந்த நோக்கத்துக்குச் சரியே. ஆனால் தை மாதம் கல்யாணம் வைத்திருக்கும் குடும்பம் விலை இறங்கட்டும் என்று காத்திருக்க முடியாது. பேசிய பவுனை அந்த மாத விலைக்கே எடுத்தாக வேண்டும். கடன் வாங்கியாவது எடுக்கும் அந்த நகையை முதலீடு என்று ஒதுக்கிவிட்டால், அக்குடும்பத்தின் சுமை எந்தக் கணக்கிலும் ஏறாது.

2012 வரிசைக் குறியீட்டின் பட்டியலில் அந்த இனத்தின் பெயர் ‘தங்கம்’ என்றே இருந்தது. கடையில் போடும் சீட்டிலோ உலோகத்தோடு செய்கூலியும் சேதாரமும் சேர்ந்தே வருகின்றன. இவற்றில் சேதாரத்தை எடையில் இத்தனை சதவீதம் என்று போடுவதே வழக்கம். 8 கிராம் சங்கிலிக்கு 10 சதவீதம் என்றால் 0.8 கிராம். கிராம் 5,000 ரூபாயாக இருந்தபோது அதற்கு 4,000 ரூபாய்; 10,000 ஆனபோது 8,000. பட்டறையில் அதே கை, அதே நெருப்பு, அதே வேலை.