தனித்தனி எண்கள் ஒரே அட்டவணைக்குள் வந்த கதை

ஒரு நாணயத்தை 4 முறை சுண்டினால் எத்தனை முறை தலை விழும்? 0 முதல் 4 வரை எதுவும் நடக்கலாம். அவற்றின் நிகழ்தகவுகள் முறையே 0.0625, 0.25, 0.375, 0.25, 0.0625. கூட்டினால் 1. இப்படி வரிசையாக நிற்கும் எண்களைத்தான் வெக்டர் என்கிறார்கள். தலை விழும் வாய்ப்பு 0.6 ஆக உள்ள கோணல் நாணயத்துக்கு வேறொரு வெக்டர்: 0.0256, 0.1536, 0.3456, 0.3456, 0.1296.

இங்கேதான் ஆபத்து! தான் எதற்கு உரியது என்று எந்த எண்ணுக்கும் தெரியாது. இரண்டாவது வெக்டரை மட்டும் ஏறுவரிசையில் அடுக்கினால், 4 தலைக்கு உரிய 0.1296 ஒரு தலைக்கான இடத்தில் போய் உட்கார்ந்துவிடும். கூட்டுத்தொகை அப்போதும் 1 தான். கணினியும் பிழை என்று சொல்லாது.

1976-ல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் ஜான் சேம்பர்ஸும் நண்பர்களும் புள்ளியியலுக்காக 'எஸ்' என்ற மொழியை உருவாக்கத் தொடங்கினர். வெக்டர்களை அணியாகச் சேர்க்கலாம். ஆனால் ஓர் அணிக்குள் எல்லாம் ஒரே வகையாக இருக்க வேண்டும். பெயரும் எண்ணும் அதனதன் வகையிலேயே அருகருகே இருக்க முடியாது.

இதற்கு விடையாக வந்ததுதான் 'டேட்டா ஃப்ரேம்'. சேம்பர்ஸும் டிரெவர் ஹேஸ்டியும் தொகுத்து 1992-ல் வெளியான எஸ் மொழி நூலில் இது அறிமுகமானது. ஒவ்வொரு நிரலும் ஒரு வெக்டர். ஒரு நிரலில் பெயர், இன்னொன்றில் எண் இருக்கலாம். அடுக்கும்போது முழு நிரையும் சேர்ந்தே நகரும்.

நியூசிலாந்தின் ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில் ராஸ் இஹாகா, ராபர்ட் ஜென்டில்மேன் இருவரும் எஸ் மொழியைப் பின்பற்றி 'ஆர்' மொழியை எழுதினர். 1995-ல் அது கட்டற்ற மென்பொருளானது. டேட்டா ஃப்ரேமும் காசில்லாமல் மாணவர்கள் கைக்கு வந்தது.

ஆனாலும் அட்டவணையை ஆளுக்கொரு விதமாகப் போட்டார்கள். அதே நாட்டைச் சேர்ந்த ஹேட்லி விக்கம் 2014-ல் எழுதிய 'டைடி டேட்டா' கட்டுரை அதற்கு ஒழுங்கு சொன்னது: ஒரு மாறிக்கு ஒரு நிரல், ஒரு பதிவுக்கு ஒரு நிரை. அதன்படி நம் இரண்டு நாணயங்களும் 10 நிரை, 3 நிரல் கொண்ட ஒரே அட்டவணையாகும்: எந்த நாணயம், எத்தனை தலை, நிகழ்தகவு என்ன.

வணிகவியல் மாணவர்களுக்கு இது புதிதல்ல. குறிப்பேட்டில் தேதி, விவரம், தொகை மூன்றும் ஒரே பதிவில்தானே இருக்கின்றன? தொகைகளை மட்டும் தனித்தாளில் எழுதி வைத்தால் அது கணக்கு ஆகாது. நிகழ்தகவுக்கும் அதே விதிதான்!