போதகரும் வாக்காளர் இடாப்பும்: கீழ்ச் சாக்சனியிலிருந்து ஸ்பிரிங்வெளி வரை

1948ஆம் ஆண்டு ஜேர்மனியின் கீழ்ச் சாக்சனி மாநிலத்தில் ஹைன்ரிஷ் அல்பெர்ட்ஸ் என்ற புரட்டஸ்தாந்து போதகர் அகதிகள் விவகார அமைச்சரானார். அதே ஆண்டு இலங்கைப் பாராளுமன்றம் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டத்தை நிறைவேற்றி, மலையகத் தமிழரை நாடற்றவராக்கியது. ஒன்றோடொன்று தொடர்பற்ற இவ்விரு நிகழ்வுகளையும் அருகருகே வைத்தால் ஒரு கேள்வி எழுகிறது. அங்கே ஒரு போதகர் ஆட்சித் தலைமை வரை உயர முடிந்தது. பதுளை, ஊவாத் தோட்டங்களில் மக்களோடு உழைத்த குருமாரிலிருந்து அப்படியொரு தலைவர் ஏன் எழவில்லை? இதற்கான விடையைப் பலரும் இறையியலிலும் குருத்துவ ஒழுங்கிலும் தேடுவர். அதை வாக்காளர் இடாப்பில் தேட வேண்டும் என்பதே என் வாதம்.

அல்பெர்ட்ஸ் 1915இல் பிரெஸ்லாவில் பிறந்தவர். அந்நகரம் போருக்குப் பின் போலந்துக்குப் போனது. ஹிட்லரை எதிர்த்த அறிக்கைத் திருச்சபையில் சேர்ந்து பலமுறை கைதானவர். போர் முடிந்ததும் செல்லே நகரில் கிழக்கிலிருந்து துரத்தப்பட்டு வந்த மக்களிடையே ஊழியம் செய்தார். கூரை, போர்வை, காணாமற்போன உறவினரின் முகவரி என்று தொடங்கிய அந்தப் பணியே அவரைச் சமூக ஜனநாயகக் கட்சிக்கும், மாநில சட்டசபைக்கும், அமைச்சர் நாற்காலிக்கும் கொண்டுசென்றது. அவரது தனித்திறமையை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் கீழ்ச் சாக்சனி மக்களில் கால் பங்குக்கு மேற்பட்டோர் இடம்பெயர்ந்து வந்தவர்கள். அவர்கள் கையில் வாக்கு இருந்தது. 1949ஆம் ஆண்டின் அடிப்படைச் சட்டம் தனது 116ஆவது உறுப்புரையில், ஜேர்மன் இனத்தவராய் வந்த அகதிகளையும் ஜேர்மனியர் என்றே வரையறுத்தது. அகதிக்காகப் பேசுபவர் வாக்காளருக்காகப் பேசுபவரானார்.

இனி ஸ்பிரிங்வெளிக்கு வருவோம். பதுளையை அடுத்து நமுனுகுல மலைச்சரிவில் விரியும் இத்தோட்டத்தின் லயங்களில் இருந்தவர்கள் அகதிகளல்லர். தலைமுறைகளாக அங்கேயே கொழுந்து பறித்தவர்கள். 1947ஆம் ஆண்டுத் தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு ஆசனங்களை வென்றது. பதுளைத் தொகுதியில் வென்ற எஸ். எம். சுப்பையா அந்த எழுவருள் ஒருவர். அடுத்து வந்த சட்டங்கள் பிரஜாவுரிமையோடு வாக்கையும் பறித்து அந்தக் கதவை அடைத்தன. 1949ஆம் ஆண்டின் இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் பிரஜாவுரிமைச் சட்டம் ஒரு வழி விட்டது போலத் தோன்றியது. மணமானவர் 1946ஆம் ஆண்டுக்கு முன் ஏழு வருடமும், மணமாகாதவர் பத்து வருடமும் தொடர்ச்சியாக இந்நாட்டில் வசித்ததை நிரூபிக்க வேண்டும். எதைக் கொண்டு நிரூபிப்பது? தோட்டத்துச் செக்ரோலில் (தொழிலாளர் பதிவேட்டில்) பேர் இருக்கிறதா, ஒரு தோட்டத்திலிருந்து இன்னொன்றுக்குப் போனபோது கொடுத்த துண்டு பத்திரமாக இருக்கிறதா, பிள்ளை பிறந்தபோது பதிந்தார்களா என்று ஒவ்வொரு தாளாகத் தேட வேண்டியிருந்தது. செக்ரோலில் ஒரு விதமாகவும் பிறப்புப் பதிவில் வேறு விதமாகவும் பேர் எழுதப்பட்டிருந்தால் மனிதரே இரண்டாகிவிடுவார். எட்டு லட்சத்துக்கு மேற்பட்டோருக்காக விண்ணப்பங்கள் போயின. சுமார் 1,34,000 பேருக்கே பிரஜாவுரிமை கிடைத்தது. 1952ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலில் காங்கிரசுக்கு ஓர் ஆசனமும் இல்லை.

வாக்கு போன இடத்தைத் தொழிற்சங்கம் பிடித்தது. சந்தாவும் வேலைநிறுத்தமுமே மக்கள் கையில் எஞ்சிய அதிகாரம். தொண்டமானும் வெள்ளையனும் தலைவர்களானது அந்த வழியில்தான். அந்த அமைப்பில் தோட்டக் கமிட்டித் தலைவருக்கு இடமிருந்தது, சங்கப் பிரதிநிதிக்கு இடமிருந்தது, குருவானவருக்கு இருக்கவில்லை. பெரும்பாலும் இந்துக்களான தொழிலாளரிடையே கிறிஸ்தவக் குரு சங்கம் கட்டியிருந்தால் அது மதமாற்ற முயற்சியாகவே பார்க்கப்பட்டிருக்கும்.

கத்தோலிக்க ஆயர் லியோ நாணயக்காரவின் வாழ்க்கையை இப்பின்னணியில் வைத்தே படிக்க வேண்டும். 1959 முதல் கண்டி ஆயராக இருந்தவர் அவர். 1972இல் கண்டியிலிருந்து பதுளை மறைமாவட்டம் பிரிக்கப்பட்டபோது, பழைமையும் வசதியும் உள்ள கண்டியை விட்டு, வசதியற்ற பதுளையைத் தாமே விரும்பி ஏற்றார். பண்டாரவளையில் 'சேவக செவண' என்ற பயிற்சியகத்தை நிறுவி, குருமாணவரை மக்களோடு வாழவைத்து உருவாக்க முனைந்தார். அரிசிப் பங்கீடு குறைந்து தோட்டங்களில் பட்டினிச் சாவு கூடிய 1973–74 காலம் பதுளையில் அவருடைய ஆயர்பணியின் தொடக்க ஆண்டுகள். அதே காலத்தில் கண்டியில் இயேசு சபைக் குரு போல் கஸ்பர்ஸ் சத்தியோதயம் என்ற சமூக ஆய்வு மையத்தையும் தோட்டப் பகுதிகளுக்கான இணைப்புச் செயலகத்தையும் நடத்தினார். இவர்கள் செய்தது அல்பெர்ட்ஸ் செல்லேயில் செய்ததற்குக் குறைந்ததன்று. ஆனால் அவர்களுக்குப் பின்னால் வாக்கில்லை.

கத்தோலிக்க சபைச் சட்டம் குருமாரை ஆட்சிப் பதவியிலிருந்து விலக்குவதால்தான் இப்படி என்று ஒருவர் மறுக்கலாம். தடை உண்மைதான். 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டம் அதை இன்னும் இறுக்கியது. ஆனால் அத்தடை இல்லாத மெதடிஸ்த, அங்கிலிக்கன் சபைகளிலிருந்தும் ஊவாவில் அரசியல் தலைவர் எழவில்லையே. மறுபுறம், இயேசு சபைக் குரு ஜெரோம் டிசூசா சென்னை மாகாணத்திலிருந்து இந்திய அரசியல் நிர்ணய சபைக்குப் போனார். அஸ்ஸாமில் காசி இனப் போதகர் நிக்கல்ஸ் ராய் அமைச்சராகி, மலைவாழ் மக்களின் சுயாட்சிக்கான ஆறாவது அட்டவணைக்காக அதே சபையில் வாதாடினார். அவருடைய மக்களுக்குப் பிரதிநிதித்துவம் இருந்தது. இதுவே வேறுபாடு.

ஆயினும் வாக்கின் வழியே வந்த அதிகாரம் போதகருக்கு வெறும் பேறாக அமைந்துவிடவில்லை. முந்தைய மேயர் வில்லி பிராண்ட் பொன் நகருக்குப் போனதும் 1966 டிசம்பரில் அல்பெர்ட்ஸ் மேற்கு பெர்லினின் ஆளும் மேயரானார். மாநில முதல்வருக்கு ஒப்பான பதவி அது. 1967 ஜூன் 2 அன்று ஈரானிய ஷாவின் வருகையை எதிர்த்த ஆர்ப்பாட்டத்தில் பென்னோ ஓனெசோர்க் என்ற மாணவரைப் பொலிஸ்காரர் ஒருவர் சுட்டுக் கொன்றார். அன்றிரவு அல்பெர்ட்ஸ் பொலிஸ் பக்கம் நின்று அறிக்கை விட்டார். அது தவறென்று பின்னர் சட்டசபையில் ஒப்புக்கொண்டு, செப்டம்பரில் பதவி விலகி மீண்டும் போதகரானார். ஹிட்லரின் சிறையைக் கண்டவர் ஒரு மாணவரின் உடலுக்கு முன்னால் அரசின் குரலில் பேசியது எனக்கு மன்னிக்க முடியாததாகவே படுகிறது. அவர் அதைத் தாமே உணர்ந்து விலகியதை மதிக்கிறேன். லியோ ஆயருக்கு அந்தச் சோதனை வரவில்லை. அவர் கையில் பொலிஸ் இருந்ததில்லை.

ஆயர் 1982இல் காலமானபோது, நாடற்றவரை இந்தியாவும் இலங்கையும் பகிர்ந்துகொள்ள வகைசெய்த சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின் கணக்குகள் முடிந்திருக்கவில்லை. 1988, 2003ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டங்களே மீதியைத் தீர்த்தன. மலையகக் குருமாரின் பணியை நம் திருச்சபை வரலாறுகள் இன்றும் 'அறப்பணி' என்ற தலைப்பின் கீழ் எழுதுகின்றன. செல்லேயில் ஒரு போதகர் அகதிக்காக அலுவலகம் ஏறியிறங்கியதை ஜேர்மன் வரலாற்றாசிரியர்கள் அரசியல் வாழ்வின் தொடக்கமாக எழுதும்போது, பதுளையில் நாடற்றவருக்காக நின்றதையும் அரசியல் என்ற தலைப்பின் கீழேயே எழுத வேண்டும்.