கணக்கர் வீடு

எங்கள் தாய்வழிப் பாட்டனார் வீட்டுக்கு ஊரில் ‘கணக்கர் வீடு’ என்று பெயர். கணக்கு எழுதுவார் இன்று அங்கே எவருமில்லை. தொழில் போன பின்னும் பெயர் தங்கிவிடுவது நம் ஊர்களில் வழக்கந்தான். செக்கு ஓடி நின்று எத்தனையோ காலமான இடத்தையும் செக்கடி என்றுதானே சொல்கிறோம். அப்படி ஒரு பெயராகத்தான் இதையும் நெடுநாள் நினைத்திருந்தேன். வீட்டுப் பழைய கிரயப் பத்திரம் ஒன்றில் பாட்டனாருக்கும் மூத்த ஒருவரின் பெயருக்கு முன்னால் ‘கணக்கப்பிள்ளை’ என்று நிற்கக் கண்டபோதுதான் இந்தச் சொல்லின்மேல் ஆசை பிறந்தது. பத்திரம் எழுதியவர் புள்ளி வைக்கும் பழக்கம் இல்லாதவர். கணககபபிளளை என்று எட்டு எழுத்தும் ஒரே ஓட்டமாய் ஓடுகின்றன. எது ஒற்று, எது உயிர்மெய் என்பதை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்துத்தான் துணியவேண்டும். சொல்லிப் பாருங்கள். நாவை மடித்து அண்ணத்தை வருடும் ணகரம், உடனே அடிநாவில் இரட்டிக்கும் ககரம், இதழ் குவித்து வெடிக்கும் பகரம், முடிவில் மறுபடியும் நாமடித்த ளகரம்: வாய்க்குள் இருக்கும் இடமெல்லாம் சுற்றி வந்துவிடுகிறது இந்தப் பெயர்.

முதலில் ஓர் ஐயம். கணக்குப்பிள்ளையா, கணக்கப்பிள்ளையா? இரண்டும் வழக்கில் உண்டு; பலர் பின்னதைப் பேச்சுக் கொச்சை என்று எண்ணுகிறார்கள். அப்படி அன்று. கணக்கு என்னும் குற்றியலுகரத்தோடு பிள்ளை புணர்ந்தால் கணக்குப்பிள்ளை. கணக்கன் என்னும் உயர்திணைப் பெயரோடு புணர்ந்து ஈறு கெட்டு வலி மிகுந்தால், குமரன் கோட்டம் குமரக்கோட்டம் ஆனது போல, கணக்கப்பிள்ளை. முன்னது கணக்கைக் கவனிக்கும் பிள்ளை. பின்னது கணக்கனாகிய பிள்ளை. பிள்ளை என்பதோ தொல்காப்பிய மரபியலில் இளமைப் பெயர். தென்னம்பிள்ளையிலும் கீரிப்பிள்ளையிலும் அந்தப் பழைய செல்லம் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பின்னர் அது அரசின் அதிகாரிகளுக்குச் சிறப்பு அடையாயிற்று. அதற்கும் பின்னர் குலப்பட்டமாயிற்று. கணக்கப்பிள்ளையில் நிற்பது நடுவிலுள்ள பொருள், அதாவது பதவிப் பொருள் என்பதே என் துணிபு.

இனிக் கணக்கு. எண் வேறு, எழுத்து வேறு என்று பள்ளிக்கூடம் நமக்குப் பிரித்துக் காட்டிவிட்டது. சொல் அந்தப் பிரிவை ஒப்புக்கொள்ளவில்லை. அரிச்சுவடியின் எழுத்து வரிசைக்கு நெடுங்கணக்கு என்று பெயர். அதில் கூட்டலும் இல்லை, கழித்தலும் இல்லை. திருக்குறளும் நாலடியாரும் அடங்கிய தொகுதிக்குப் பதினெண்கீழ்க்கணக்கு என்று பெயர். அங்கே கணக்கு என்றால் நூல். மணிமேகலையில் தத்தம் சமயக் கொள்கைகளை எடுத்துரைப்போர் சமயக்கணக்கர். ஆசிரியனுக்குக் கணக்காயன் என்று பெயர் இருந்தது; நக்கீரரையே மதுரைக் கணக்காயனார் மகனார் என்றுதான் பழந்தொகைகள் குறிக்கின்றன. நன்மை பயவாதவற்றைச் சொல்லவந்த திரிகடுகம் கணக்காயர் இல்லாத ஊரையும் அவற்றோடு சேர்த்துவிட்டது; அது ஊர்வரவு செலவு எழுத ஆளில்லையே என்ற கவலையன்று, பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லித்தர ஆளில்லையே என்ற கவலை. எழுதப்பட்டது, ஒழுங்குபட வகுக்கப்பட்டது, வரிசையில் நிறுத்தப்பட்டது எதுவும் கணக்குத்தான். இந்த அகலத்தை மனத்தில் கொண்டால்தான் தென்னாட்டுப் பேச்சில் ‘கணக்கா’ என்பது உவம உருபாகவே ஆகிவிட்டது ஏன் என்று புரியும். “கயித்தப் பாரு, பாம்பு கணக்கா வளைஞ்சு கிடக்கு” என்பார் எங்கள் ஆச்சி. ஒன்றை இன்னொன்றின் அளவோடு பொருத்திப் பார்ப்பதும் கணக்குத்தானே!

கணக்குக்கு உடன்பிறப்பு கணி. கணித்தல் எண்ணுதல், மதித்தல், வருவது உரைத்தல் என மூன்று பொருளும் தாங்கும் வினை. கணிப்பவன் கணியன், உலகெல்லாம் ஊரென்று பாடிய பூங்குன்றனார் பெயருக்கு முன்னால் நிற்பது இந்தத் தொழிற்பெயரே. சிலப்பதிகாரத்து அரசவையில் பெருங்கணி இருக்கிறான். எனக்கு இவர்கள் எல்லாரையும்விடப் பிடித்தது ஒரு மரம். வேங்கைக்குக் கணி என்றொரு பெயர் உண்டு. தினை முற்றும் பருவத்தில் வேங்கை பூக்கும். பூத்தால் கொய்யும் நாள் வந்துவிட்டது, புனம் காத்த பெண்கள் வீடு திரும்பவேண்டும் என்று பொருள். குறிஞ்சித் தலைவிக்குக் காதலனைக் காணும் வாய்ப்பை முடித்துவைக்கும் சோதிடன் அந்த மரம். நாள் சொல்வதால் அதையும் கணி என்றார்கள். இப்படிப் பெயரிட்டவன் கணக்கன் அல்லன், கவிஞன்.

மதுரைக்கு அருகே மாங்குளத்துக் குகையில், கிறித்துவுக்கு முற்பட்ட நூற்றாண்டுகளின் தமிழ்ப் பிராமி எழுத்தில், நெடுஞ்செழியன் பெயரோடு ‘கணி நந்தன்’ என்ற துறவியின் பெயரும் வெட்டப்பட்டிருக்கிறது. இந்தக் கணி கணித்தல் தொழிலால் வந்ததா, சமணத் துறவியர் கணத்துக்குத் தலைவர் என்ற பொருளில் பாகதத்திலிருந்து வந்த பட்டமா என்று கேட்டால், இடமும் ஆளும் சமணம் சார்ந்தவை ஆதலின் பின்னதே பொருந்தும். நம் சொல் என்பதற்காக அதை இழுத்து நம் பக்கம் நிறுத்த வேண்டியதில்லை. வேர் பற்றிய வழக்கும் அப்படித்தான். வடமொழியில் கூட்டத்தைக் குறிக்கும் கணமும் எண்ணுதலைக் குறிக்கும் கணிதமும் ஒரு குடும்பம். தமிழ்க் கணக்கு அங்கிருந்து வந்தது என்பார் ஒரு சாரார். கூடுதற் பொருளுள்ள தமிழ் வேரிலிருந்தே கணமும் கணியும் கிளைத்தன என்பார் பாவாணர் வழியினர். ஒன்று மட்டும் கண்கூடு: கணக்கு என்னும் வடிவமும், நெடுங்கணக்கு என்னும் பொருள் விரிவும் தெற்கே செழித்தவை. மலையாளம் கணக்கு என்கிறது. தெலுங்கும் கன்னடமும் எழுத்தைக் குறிக்கும் வேறொரு வேரைப் பிடித்து லெக்க என்றன. எழுத்திலிருந்து எண் பிறந்த கதை அங்கும்!

ஊர்ச்சபைகளின் காலத்துக்கு வந்தால் கணக்குக்குப் பல் முளைத்துவிடுகிறது. முதற் பராந்தகன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டுகள், 919, 921 ஆகிய ஆண்டுகளில் வெட்டப்பட்டவை, குடவோலைக்கு உரியவர் யார் என்பதைவிட உரியவர் அல்லாதார் யார் என்பதைத்தான் ஆசையாய் விரித்துரைக்கின்றன. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் பெயர் குடத்தில் இடப்படக் கூடாது. அவருடைய நெருங்கிய உறவினர் பெயரும் கூடாது. கணக்கு ‘காட்டுதல்’ என்ற தொடர் அன்றே அதே பொருளில் இருப்பதைக் கவனியுங்கள். ஊர்க்கணக்கு என்று கையெழுத்திட்டவரே அக்காலக் கல்லெழுத்துகள் பலவற்றுக்குச் சான்று. பக்கத்திலேயே வடசொல்லான கரணமும் நடமாடியது. அரசனின் எண்பேராயத்தில் கரணத்தியலவர் ஒரு குழு. அந்தக் கரணமே பின்னாளில் கர்ணமாகி, மகாபாரதத்துக் கர்ணனோடு குழம்பி, ஊர்க்கணக்கரை வள்ளலாக்கிப் பார்த்தது. எங்கள் வட்டாரக் கர்ணங்களை அறிந்தவர்கள் அந்தக் குழப்பத்துக்குச் சிரித்திருப்பார்கள்.

கடல் தாண்டி வந்தவர்கள் இந்தப் பெயரை எப்படிக் கடித்துத் தின்றார்கள் என்பது தனிச் சுவை. முத்துக்குளித்துறையில் இருந்த பிரான்சிசு சேவியர் 1544இல் தம் துணைவருக்கு எழுதிய கடிதத்தில், ஊர்களுக்குப் போகும்போது எழுதத் தெரிந்த கணக்கப்பிள்ளை ஒருவனை உடன் அழைத்துப் போகச் சொல்கிறார். பிள்ளைகள் மனப்பாடம் செய்யவேண்டிய செபங்களை அவன் கையால் எழுதி ஊர்தோறும் விட்டுவர வேண்டுமாம். பாருங்கள், அங்கும் அவன் வேலை எண்ணுவதன்று, எழுதுவது. கணக்காயனின் பழைய நிழல் பரதவர் கரையில் விழுகிறது. 1680இல் சென்னையின் ஆங்கில ஆளுநர் படைவீரரும் முந்நூறு வண்ணாரும் பெத்த நாயக்கரும் சூழ நகர எல்லையைச் சுற்றி நடந்தபோது, எது யார் நிலம் என்று காட்டிக்கொண்டு போனவர் நிலக் கணக்கப்பிள்ளை. அந்தப் பதிவேட்டில் அவர் ‘கேன்காப்ளி’. 1886இல் வெளிவந்த ஆப்சன்-சாப்சன் அகராதியில் ‘கானிகோபொலி’. முதல்முறை அதைப் படிப்பவர் கிரேக்க நகரம் என்றே நினைப்பார்.

இந்த வடிவங்களை நான் தேடியது வீட்டு மேசையில் இருந்தபடியே, மின்வடிவமாக்கப்பட்ட நூல்களிலும் பதிவேடுகளிலும். கருவி வியப்பானது, ஆனால் உரோமன் எழுத்தில் ணகரமும் னகரமும் ஒன்று. நான் கணக்கப்பிள்ளையைக் கேட்டால் அது கனகப்பிள்ளைகளை அள்ளிக் கொட்டுகிறது. பொன் என்னும் பொருளுள்ள கனகமும் கனகசபையும் கனகாம்பரமும் கூடவே வருகின்றன. ஏட்டுக் கணக்கு எழுதியவரின் பேரனைப் பொன்வணிகன் வழியாக்கிவிடக் கூடிய குழப்பம் இது. தமிழில் நாமடிக்கும் ஓர் அசைவும் ககரத்தின் இரட்டிப்புமே இரண்டையும் பிரிக்கின்றன. அந்த அசைவை எழுதிக்காட்ட முடியாத எழுத்தில் குடும்ப வரலாறு தேடுகிறவர்கள் எச்சரிக்கையாக இருக்கவேண்டும்.

தேடலில் கண்ட கணக்கப்பிள்ளைகளில் பலர் கடலுக்கு அப்பால் இருந்தார்கள். இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டங்களில் கணக்கப்பிள்ளை வேலைத்தலத்து மேற்பார்வையாளர். விடியலில் பிரட்டுக்களத்தில் ஆள் பிரிப்பதும், கொழுந்தின் நிறையைக் குறிப்பதும், பேர் போடுவதும் அவர் கையில். ‘பேர்’ என்றால் அங்கே ஒரு நாள் வேலை; கணக்கப்பிள்ளை பேர் போட்டால்தான் அந்த நாளுக்குக் கூலி. எழுத்தறிவித்தவனின் பெயர் கூலியறுப்பவனின் பெயராகவும் ஆகமுடிந்தது. சொல்லுக்குச் சூது இல்லை. அதைச் சுமந்தவர்களின் அதிகாரம் அதன் முகத்தை மாற்றிவிட்டது.

கணியனுக்கு என்ன ஆயிற்று? புதுச்சேரியில் பஞ்சாங்கம் கணிக்கும் தமிழர் ஒருவர், 1825இல் நிகழவிருந்த நிலவு மறைப்பை வாரன் என்னும் ஆங்கிலப் படை அதிகாரியின் முன்னிலையில் கணித்துக் காட்டினார். தரையில் சோழிகளை வைத்து நகர்த்தினார். எண்களைச் சொற்றொடர்களாக்கிய வாக்கியங்களை நினைவிலிருந்தே சொன்னார். தாளும் எழுதுகோலும் இல்லை. வாரன் இதைத் தம் காலசங்கலிதம் என்னும் நூலில் பதிந்தார். மறைப்பின் தொடக்கம் 4 நிமிடமும், நடுவேளை 23 நிமிடமும், முடிவு 52 நிமிடமும் பிசகின. பிசகை மறைக்க வேண்டாம்; சோழியையும் செய்யுளையும் கொண்டு நிலவின்மேல் விழும் நிழலை இவ்வளவு நெருக்கமாகப் பிடித்தது சிறிய செயலன்று. எண்ணைச் சொல்லாக்கி மனத்தில் ஏற்றி, சொல்லை மீண்டும் எண்ணாக்கிச் சோழியில் இறக்கிய அந்த மனிதரிடம் கணியும் கணக்கும் பிரியாமல் இருந்தன.

ஆங்கிலத்திலும் கம்ப்யூட்டர் என்ற சொல் 1613 தொட்டே கணக்கிடும் ஆளைத்தான் குறித்தது. எந்திரம் அந்தப் பெயரைப் பறித்துக்கொண்டது பிற்காலத்தில். நம் மொழி அந்த எந்திரத்துக்குப் பெயர் தேடியபோது கணியன் வீட்டுக் கதவைத்தான் தட்டியது. முதலில் கணிப்பொறி. வினைத்தொகையில் வலி மிகாதாகையால் சுடுகாடு, ஊறுகாய் போலக் கணிபொறி என்றல்லவா வரவேண்டும் என்று முணுமுணுத்தவர்களில் நானும் ஒருவன். ஈழத்தார் கணனி என்றார்கள். அது கணனம் என்னும் வடசொல்லைச் சார்ந்து நிற்கிறது. நிலைத்தது கணினி. கணி என்னும் அடியோடு கருவிப் பொருள் தரும் இகரம் சேரும்போது இரண்டு இகரங்கள் மோதாதபடி இடையில் ஒரு னகரம் நுழைந்தது. எந்த நூற்பாவால் நுழைந்தது என்று கேட்பவர்களுக்கு என்னிடம் விடை இல்லை, செவிக்கு இருக்கிறது. ணகரத்தில் மடிந்த நா னகரத்தில் நிமிர்கிறது. நல்ல சொல். இனி மாற்ற வேண்டாம்.

தமிழ்நாட்டில் பரம்பரை ஊர்க்கணக்கு 1980 நவம்பரில் அவசரச் சட்டத்தால் ஒழிந்தது. அந்த இடத்துக்குக் கிராம நிர்வாக அலுவலர் வந்தார். பிறப்பால் பதவி போனது நன்று. ஆனால் அடங்கலும் சிட்டாவும் எழுதிய கைகளின் பெயர்கள் பத்திரங்களில் புள்ளியில்லாமல் கிடக்கின்றன. உங்கள் வீட்டுப் பெட்டியிலும் அப்படி ஒன்று இருக்கலாம். படம் எடுத்து வையுங்கள். பெயருக்கு முன்னால் நிற்கும் சொல்லை விட்டுவிடாமல், ணகரமா னகரமா என்று பார்த்து, தமிழ் எழுத்திலேயே குறித்து வையுங்கள்.