விகதகுமாரனும் றோசியும்

மலையாளத் திரைப்படத்தின் தந்தை எனப்படும் ஜே. ஸி. டானியலின் வாழ்வை இயக்குநர் கமல் 2013இல் "செலுலோயிட்" என்னும் பெயரிற் படமாக்கினார். கலைஞனொருவனைச் சமுதாயம் எவ்வாறு வறுமையில் விட்டு மறந்தது என்பதே அப்படத்தின் பொருள். ஆனால், மறக்கப்பட்டவர் அவர் ஒருவர்தானா?

அகஸ்தீஸ்வரத்து நாடார் குடும்பமொன்றைச் சேர்ந்த டானியல், சொந்த நிலத்தை விற்றுத் திருவனந்தபுரத்திற் படநிலையம் நிறுவினார். புராணக் கதைகளே பெரிதும் படமாகிய காலத்தில் "விகதகுமாரன்" என்ற சமூகக் கதையைத் தாமே எழுதி, இயக்கி, நாயகனாகவும் நடித்தார். அம் மௌனப்படம் வெளிவந்த ஆண்டு 1928 என்பாரும் 1930 என்பாரும் உளர். காணாமற்போன மைந்தன் என்பது அப்பெயரின் பொருள். செல்வர் வீட்டுச் சிறுவன் இலங்கைக்குக் கடத்தப்பட்டு, தோட்டமொன்றிற் கூலியாக வளர்ந்து, வெள்ளைத்துரையின் தயவால் அத்தோட்டத்தையே நிருவகிக்கும் நிலைக்கு உயர்கிறான். நமது மலையகத்தை அறிந்தவர்கள் இதைக் கேட்டு நகைப்பர். கூலியைத் துரையாக்குதல் கதைக்கு மட்டுமே இயலும். அதுவும் அவன் செல்வர் மகனாய் இருந்தமையாற்போலும்!

கதையின் நாயகி சரோஜினி ஒரு நாயர்ப் பெண். அப்பாத்திரத்தை ஏற்றவரோ புலையர் சமூகத்திற் பிறந்து, கூலிவேலை செய்து, காக்காரிசி நாடகங்களில் நடித்துவந்த பி. கே. றோசி. திருவிதாங்கூரிற் கோயில் நுழைவுப் பிரகடனம் 1936இலேதான் வந்தது என்பதை நினைவிற்கொள்ள வேண்டும். கோயிற் கதவு திறவாத அந்நாளிலே, புலையர் பெண்ணொருத்தி திரையில் நாயர் வீட்டு மகளாகத் தோன்றினாள். கப்பிற்றல் படமாளிகையில் முதற்காட்சியைக் காண வந்த அவரை உள்ளே விடவில்லை. உள்ளே திரையின்மீது கற்கள் வீசப்பட்டன. பின்னர் அவருடைய குடிசைக்கும் தீ வைத்தனர். லொறியொன்றில் ஏறி நாகர்கோவிற் பக்கம் தப்பிச் சென்ற றோசி, லொறிச் சாரதி ஒருவரை மணந்து, தாம் நடிகையாயிருந்ததைப் பேசாமலே வாழ்ந்து மறைந்தார் என்பர்.

கல்லெறிந்த சாதித்திமிரை "செலுலோயிட்" மறைக்கவில்லை. அதன் நேர்மையை மெச்சலாம். எனினும், மேடையேறிப் பழகிய உழைக்கும் பெண்ணை, எசமானர் கருணைக்கு முன் நாணி ஒடுங்கும் பேதையாகவே அது காட்டுகிறது. அவர் ஊரைவிட்டு ஓடியபின் படம் டானியலின் துயரத்தையே பின்தொடர்கிறது. அத்துயரமும் சிறிதன்று. கடனால் நொந்து, பல்வைத்தியராகப் பிழைத்த அவர் முதுமையிற் கேரள அரசின் உதவியை நாடினார். 1956இன் மாநில எல்லைப் பிரிப்பில் அகஸ்தீஸ்வரம் சென்னை மாநிலத்தைச் சேர்ந்ததால், அவர் கேரளத்தவர் அல்லர் எனக் கைவிரிக்கப்பட்டது. எல்லைக்கோடு வரைந்தவர்களுக்கு ஒரு கலைஞனின் பசி எம்மாத்திரம்! சேலங்ஙாட்டு கோபாலகிருஷ்ணன் என்ற பத்திரிகையாளரே விடாது எழுதி அவருக்கு உரிய இடத்தைப் பெற்றுக்கொடுத்தார். 1975இல் டானியல் காலமானார். 1992இல் கேரள அரசு அவர் பெயரில் விருதொன்றை ஏற்படுத்தியது.

றோசியின் பெயரில் ஒரு திரைப்படக் கழகம் தோன்ற 2019 வரை செல்லவேண்டியிருந்தது. அதனைத் தொடங்கியவர்கள் மலையாளத் திரையுலகின் பெண்கள். அவர்கள் திரையிட்டுக் காட்ட "விகதகுமாரன்" இன்று இல்லை. அதன் பிரதி எதுவும் எஞ்சவில்லை.