போர்ட் 25 தடை

வீட்டு இணைய இணைப்பிலிருந்து அஞ்சல் சர்வர்களுக்கு நேரடியாகச் செல்லும் மின்னஞ்சலை, இணையச் சேவை நிறுவனம் 25ஆம் எண் போர்ட்டில் மறிக்கும் நடைமுறை. போர்ட் என்பது ஒரே கணினியில் இயங்கும் பல சேவைகளைப் பிரித்தறிய உதவும் எண். 0 முதல் 65535 வரை உண்டு. இணையதளங்களுக்கு 80, 443. அஞ்சல் சர்வர்கள் தமக்குள் மின்னஞ்சலைக் கைமாற்றிக்கொள்ள 25.

இந்தக் கைமாற்றத்துக்காக 1982இல் வரையறுக்கப்பட்ட எஸ்எம்டிபி நெறிமுறையில், அனுப்புபவர் யார் என்று சரிபார்க்கும் ஏற்பாடே இல்லை. வைரஸ் தொற்றிய வீட்டுக் கணினிகள் 2000களின் தொடக்கத்தில், உரியவருக்கே தெரியாமல், கேட்காமலே குவியும் மின்னஞ்சலான ஸ்பேமை உலகெங்கும் கொட்டியதற்கு இதுவே வழிவிட்டது. பழி அந்த வீட்டோடு நிற்கவில்லை. சேவை நிறுவனத்தின் ஐபி முகவரிகள் கூட்டமாகத் தடைப்பட்டியலில் ஏறின. அமெரிக்காவின் காம்காஸ்ட் 2004இல் ஸ்பேம் கிளம்பிய இணைப்புகளில் 25ஐ மூடத் தொடங்கியது. ஜப்பானிய நிறுவனங்கள் 2005 முதல் பரவலாக மூடின. ஸ்பேம் அனுப்பும் நாடுகளின் வரிசையில் முன்னணியில் இருந்த பிரேசில், நாடு தழுவிய ஏற்பாடாகவே இதைச் செய்து அந்த இடத்திலிருந்து இறங்கியது.

சாதாரணப் பயனர் இதை உணர்வதில்லை; அவர் அனுப்பும் அஞ்சல் வேறு போர்ட்டுகள் வழியே செல்கிறது. கடவுச்சொல் கேட்டு மின்னஞ்சலை ஏற்கும் 587ஆம் போர்ட் 1998லேயே வகுக்கப்பட்டுவிட்டது. முழுக்க மறையாக்கம் செய்யப்பட்ட 465 பரிந்துரைக்கப்பட்டது 2018இல். சிக்குபவர்கள் வீட்டிலேயே அஞ்சல் சர்வர் நடத்துபவர்களும், 25ஐயே நம்பியிருக்கும் பழைய ஸ்கேனர், கேமரா ரெக்கார்டர் வைத்திருப்பவர்களும்தான்.

புழுநிரல்களைத் தடுக்கவும் போர்ட்டுகள் மூடப்பட்டதுண்டு: 2003இல் ஸ்லாம்மருக்காக 1434, பிளாஸ்டருக்காக 135.

இதே கருவி போட்டியாளரின் கழுத்தை நெரிக்கவும் உதவும் என்பதுதான் கவலைக்குரியது. அமெரிக்காவின் மேடிசன் ரிவர் என்னும் தொலைபேசி நிறுவனம், வோனேஜ் வழங்கிய இணையத் தொலைபேசிச் சேவையின் போர்ட்டுகளை மறித்தது. கூட்டரசுத் தகவல் தொடர்பு ஆணையம் விசாரித்தது. 2005 மார்ச்சில் நிறுவனம் 15,000 டாலர் செலுத்தி, இனி மறிப்பதில்லை என்று ஒப்புக்கொண்டது. 25ஐ மூடுவது எல்லோருடைய அஞ்சல்பெட்டியையும் காக்கிறது. மேடிசன் ரிவர் காத்தது தன் வருமானத்தை மட்டுமே. இரண்டையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது. ஆனால் நியாயமான தடையையும் சொல்லாமல் போடுவது தவறு. எந்தெந்த போர்ட் மூடியிருக்கிறது என்பதை நிறுவனம் வெளிப்படையாக அறிவிக்க வேண்டும். தக்க காரணத்தோடு கேட்பவருக்குத் திறந்தும் தர வேண்டும். வீட்டில் அஞ்சல் சர்வர் அமைக்க நினைப்பவர்கள், இணைப்பு வாங்கும் முன்பே இவ்விரண்டையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.