காத்திருப்பின் விலை: நீலாய்த் தோட்டப்புறமும் தொடக்கநிலை முதலீட்டின் வரலாறும்

முன்னுரை

புதிதாகத் தொடங்கப்படும் தொழில்களுக்கு முதல் எங்கிருந்து கிடைக்கின்றது என்பது பொருளியல் துறைக்கு மட்டுமே உரிய வினாவாகப் பொதுவில் கருதப்படுகின்றது. 'துணிகர முதலீடு' என்றவுடன் அமெரிக்கக் கணினி நிறுவனங்களே நினைவுக்கு வருகின்றன. ஆயினும், மலேசியத் தமிழர் வரலாற்றைக் கற்போர்க்கு இவ்வினா அயலானதன்று. நம் முன்னோரை இந்நாட்டுக்குக் கொணர்ந்த இரப்பர்த் தோட்டத்துறையே, ஒரு காசும் வருவாயில்லாத பல ஆண்டுகளைப் பிறர் பணத்தால் கடந்து வந்த ஒரு தொடக்கநிலைத் தொழிலாகும்.

சிரம்பானுக்கும் கோலாலம்பூருக்கும் இடையிலான இரயில் பாதையை ஒட்டி லாபு, நீலாய், பத்தாங் பெனார் ஆகிய ஊர்கள் அமைந்துள்ளன. ஒரு காலத்தில் இரப்பரும் பின்னர்ச் செம்பனையும் சூழ்ந்திருந்த இவ்வட்டாரம், இன்று தொழிற்பேட்டைகளும் வீடமைப்புப் பகுதிகளும் உயர்கல்விக் கூடங்களும் நிறைந்த நகர்ப்புறமாக மாறியுள்ளது. இம்மாற்றத்தைக் கண்முன் கொண்டு இக்கட்டுரையில் இரு வினாக்களை எழுப்புகின்றோம். வருவாய் வராத ஆண்டுகளைத் தாங்கியோர் யாவர்? அவர்களுள் அக்காத்திருப்புக்குரிய பயனைப் பெற்றோர் யாவர்?

துணிகர முதலீட்டின் செயல்முறை

இன்றைய துணிகர முதலீட்டு முறைக்கு முன்னோடியாகச் சுட்டப்படுவது 1946ஆம் ஆண்டு அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ஜார்ஜ் டோரியோ முதலியோர் நிறுவிய 'அமெரிக்க ஆய்வு, மேம்பாட்டுக் கழகம்' ஆகும். இக்கழகம் 1957இல் 'டிஜிட்டல் எக்விப்மென்ட்' என்னும் புதிய கணினி நிறுவனத்தில் 70,000 டாலர் இட்டு, அதன் 70 விழுக்காட்டுப் பங்கைப் பெற்றது. பின்னாளில் அப்பங்கின் மதிப்பு பல நூறு மடங்கு உயர்ந்தது.

இம்முறையில் மூன்று தரப்பினர் உள்ளனர். முதல் தரப்பினர் ஓய்வூதிய நிதியம், பல்கலைக்கழக அறக்கட்டளை போன்ற பணம் உடையோர். இரண்டாம் தரப்பினர் அப்பணத்தைத் திரட்டி, தொழில்களைத் தேர்ந்து இடும் நிதி மேலாளர்கள். மூன்றாம் தரப்பினர் தொழில் தொடங்குவோர். நிதியின் ஆயுள் பெரும்பாலும் பத்தாண்டுகள். மேலாளர்கள் ஆண்டுதோறும் ஏறத்தாழ 2 விழுக்காட்டைக் கட்டணமாகவும், ஈட்டிய இலாபத்தில் 20 விழுக்காட்டைப் பங்காகவும் பெறுவது வழக்கம்.

பணம் ஒரே தவணையில் தரப்படுவதில்லை. குறித்த நிலையை எட்டிய பின்னரே அடுத்த தவணை வரும். எடுத்துக்காட்டாக, ஒரு தொழிலின் மதிப்பு 40 இலட்சம் ரிங்கிட் என இருதரப்பும் ஒப்பிய பின்னர் 10 இலட்சம் ரிங்கிட் இடப்பட்டால், மொத்த மதிப்பு 50 இலட்சமாகின்றது. முதலிட்டவர்க்கு ஐந்தில் ஒரு பங்கு உரியதாகின்றது. ஒவ்வொரு தவணையிலும் புதிய பங்குகள் வெளியிடப்படுவதால் தொடங்கியவரின் விழுக்காடு குறைந்துகொண்டே வரும். இறுதியில் தொழிலை விற்றோ பங்குச்சந்தையில் பட்டியலிட்டோ முதலீட்டாளர் வெளியேறுவர். இட்ட தொழில்களுள் பல தோற்பினும், வெல்லும் ஒரு சிலவே முழு நிதிக்கும் ஈடு செய்கின்றன.

வங்கிக் கடன் இவ்விடத்தில் பயன்படுவதில்லை. புதிய தொழிலுக்கு ஈடு வைக்கச் சொத்தில்லை. மாதந்தோறும் வட்டி கட்ட வருவாயும் இல்லை. எனவே, காத்திருக்கக்கூடிய பணமே அதற்குத் தேவைப்படுகின்றது. மலேசியாவில் 1984இல் 'மலேசியன் வென்ச்சர்ஸ்' நிறுவனம் இத்துறையைத் தொடங்கி வைத்தது. 2001இல் அரசு 50 கோடி ரிங்கிட் ஒதுக்கி 'மாவ்கேப்' என்னும் நிறுவனத்தை அமைத்தது. ஆனால், காத்திருக்கும் பணம் இந்நாட்டுக்கு வந்தது அதற்கு முக்கால் நூற்றாண்டுக்கும் முன்னராகும்.

பால்மரம் என்னும் புதுத்தொழில்

1877இல் சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்துக்கு 22 இரப்பர்க் கன்றுகள் வந்து சேர்ந்தன. அத்தோட்டத்தின் பொறுப்பாளரான ரிட்லி, மரத்தைக் கெடுக்காமல் பால் எடுக்கும் வெட்டுமுறையைக் கண்டார். எனினும், தோட்ட முதலாளிகள் அவர் பேச்சுக்கு நெடுங்காலம் செவிசாய்க்கவில்லை. 1896இல் மலாக்காவில் டான் சே யான் வணிக நோக்கில் இரப்பரைப் பயிரிட்டார். காப்பியின் விலை வீழ்ந்த பின்னர், நெகிரி செம்பிலான், சிலாங்கூர்த் துரைமார்களும் இப்பயிரின்பால் திரும்பினர்.

கன்று நட்டதிலிருந்து பால் வெட்டுவதற்கு ஐந்து முதல் ஏழு ஆண்டுகள் ஆகும். அதுவரை காடு அழித்தல், வடிகால் வெட்டுதல், களையெடுத்தல், லயங்கள் கட்டுதல், ஆள் கொணர்தல் என எல்லாம் செலவே. இச்செலவைத் தனியொருவர் தாங்குதல் அரிது. இங்குத்தான் ஏஜென்சி நிறுவனங்கள் நுழைந்தன. 1821இல் சிங்கப்பூரில் தோன்றிய கத்ரி, 1844இல் இங்கிலாந்தில் தேயிலை வணிகமாகத் தொடங்கிய ஹாரிசன்ஸ் அண்டு குரோஸ்ஃபீல்ட் ஆகியவை இவற்றுள் முதன்மையானவை. நெகிரி செம்பிலானில் கத்ரியின் மேலாண்மையில் இயங்கிய லிங்கி தோட்ட நிறுவனம் இம்முறைக்கு நல்ல சான்றாகும்.

நிலத்தைத் திருத்திக் கன்று நட்டிருந்த துரை, அதனைப் புதிதாக அமைக்கப்படும் நிறுவனத்துக்கு விற்பார்; விலையின் ஒரு பகுதியைப் பணமாகவும் மறுபகுதியைப் பங்காகவும் பெறுவார். ஏஜென்சி நிறுவனம் இலண்டனில் பங்குகளை வெளியிடும். இரண்டு சிலிங் முகமதிப்புடைய சிறு பங்குகள் எளிய நடுத்தர வகுப்பினரையும் ஈர்த்தன. பங்குதொகையைத் தவணை தவணையாகக் கேட்டுப் பெறும் வழக்கமும் இருந்தது. செயலகக் கட்டணம், பொருள் கொள்முதலுக்கும் இரப்பர் விற்பனைக்கும் தரகு ஆகியன ஏஜென்சிக்குரியவை. மழை பெய்தாலும் விலை வீழ்ந்தாலும் அதன் கட்டணம் நிற்பதில்லை. இன்றைய நிதி மேலாளரின் நிலையை இதனுடன் ஒப்பிட்டுக் காணலாம். 1910 ஏப்ரலில் இரப்பர் விலை இறாத்தலுக்கு 12 சிலிங்கைத் தாண்டியபோது, முன்னரே முதலிட்டுக் காத்திருந்தோர் பெரும் இலாபம் ஈட்டினர்.

இரு முறைகளும் முற்றும் ஒன்றல்ல. இலண்டன் பங்குகள் தொடக்கத்திலேயே பொதுமக்களுக்கு விற்கப்பட்டன. துணிகர முதலீடோ வெளியேறும் காலம்வரை ஒரு சிலர் கையிலேயே இருக்கும். எனினும், வருவாய்க்கு முன்னைய ஆண்டுகளைக் கடனாலன்றிப் பங்கால் கடத்தல் என்னும் அடிப்படை இரண்டுக்கும் பொதுவாகும்.

செட்டியாரின் கடன்

இதே காலத்தில் தமிழர் கையிலும் முதல் இருந்தது. நாட்டுக்கோட்டை நகரத்தார் பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் ஆகிய துறைமுக நகரங்களிலிருந்து சிரம்பான் போன்ற உள்நாட்டு நகரங்களுக்கும் தம் தொழிலை விரித்தனர். கிட்டங்கியில் பெட்டியடிக்கு முன் அமர்ந்து கணக்கெழுதிய மேலாள், ஊரிலிருந்த முதலாளியின் பேராளர் ஆவார். மூன்றாண்டுத் தவணையில் வந்த அவர்க்குச் சம்பளத்தோடு இலாபத்தில் ஒரு பகுதியும் கிடைத்தது. பணம் உடையவர் ஒருவர், அதனை இடுபவர் மற்றொருவர் என்னும் பிரிவும், இடுபவர்க்கு இலாபத்தில் பங்கு என்னும் ஏற்பாடும் நகரத்தாரிடம் முன்னரே நிலவியதை இது காட்டுகின்றது.

ஆனால், வெளியே அவர்கள் கொடுத்தது பெரும்பாலும் கடனே. வங்கிகள் ஏறெடுத்தும் பாராத சீன, மலாய்ச் சிறுதோட்டக்காரர்க்கும் ஈயச்சுரங்கத்தார்க்கும் அவர்கள் நிலப்பத்திரத்தின் பேரில் பணம் தந்தனர். சிறுதோட்டங்கள் பல தோன்றியதில் இப்பணத்துக்கு உரிய இடம் உண்டு. எனினும், கடன் காத்திருப்பதில்லை. மரம் பால் தருமுன்னரே வட்டி வளரத் தொடங்கிவிடும். விலை வீழ்ந்தால் நிலம் கைமாறும். மலாய்க்காரர் நிலம் பிறர் கைக்குச் செல்வது குறித்த அச்சம், 1913ஆம் ஆண்டின் மலாய் ஒதுக்கீட்டு நிலச் சட்டத்துக்கு ஒரு காரணமாயிற்று. தோல்வியின் சுமையைப் பங்கு பகிர்ந்துகொள்கின்றது. கடனோ அதனை வாங்கியவர் தலையிலேயே ஏற்றுகின்றது.

பாட்டாளியின் காத்திருப்பு

முதலீட்டாளரோடு சேர்ந்து காத்திருந்த மற்றொரு தரப்பினர் தோட்டப் பாட்டாளிகள். 1907இல் ஏற்படுத்தப்பட்ட தமிழ்க் குடியேற்ற நிதிக்குத் தோட்ட முதலாளிகள் செலுத்திய தொகையால் பயணச் செலவு ஈடுசெய்யப்பட்டது. கங்காணியின் வழி வந்தோர் காட்டை அழித்து, கன்றை நட்டு, காய்ச்சலுக்கும் இறப்புக்கும் தம்மை ஈடாக வைத்தனர். தொடக்க ஆண்டுகளின் இடர் முழுவதும் அவர்தம் உடல்மீதே விழுந்தது. ஆயின், அதற்கு ஈடாகப் பங்கு எதுவும் அவர்களுக்கு எழுதப்படவில்லை. ஏற்றக் காலத்து இலாபம் பங்குதாரர்க்குச் சென்றது. இறக்கக் காலத்து நட்டத்தில் மட்டும் பாட்டாளிக்குப் பங்கு இருந்தது. 1930இல் ஆணின் நாட்கூலி 50 காசிலிருந்து 40 காசாகக் குறைக்கப்பட்டதும், பல்லாயிரவர் தமிழகத்துக்குத் திருப்பி அனுப்பப்பட்டதும் இதற்குச் சான்று.

1950களில் அயல்நாட்டு நிறுவனங்கள் தோட்டங்களை விற்று வெளியேறத் தொடங்கின. வாங்கியோர் அவற்றைச் சிறு துண்டுகளாக்கி விற்றனர். உங்கு அஜிஸ் ஆய்ந்து எழுதிய இத்தோட்டத் துண்டாடல், பாட்டாளியின் வேலையையும் வீட்டையும் ஒருசேரப் பறித்தது. இதற்கு விடையாகவே அமைச்சரும் ம.இ.கா. தலைவருமான வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். பாட்டாளிகள் சிறுசிறு தொகையாகச் செலுத்திப் பங்கு பெற்றனர். சங்கம் கெடா மாநிலத்தின் புக்கிட் சிடிம் தோட்டத்தை முதலில் வாங்கி, பின்னர்ப் பல தோட்டங்களுக்கு உரிமையாளராயிற்று. மலாயாத் தமிழர் பொருளியல் வரலாற்றில் கூலி பெற்றவர் பங்குதாரராகிய திருப்பம் இதுவே. எனினும், சங்கம் வாங்கியவை ஏற்கெனவே நிலைபெற்ற தோட்டங்கள். புதுத்தொழிலுக்கு முதலிடும் அமைப்பாக அது தொடங்கப்படவில்லை.

புதுத்தொழிலுக்கென நம் மக்களிடம் இருந்தது கூட்டு எனப்படும் சீட்டு முறையே. மாடு வாங்கவும் சிறுகடை வைக்கவும் அதுவே கைகொடுத்தது. மோசடிகளைத் தடுக்கும் பொருட்டு, 1971ஆம் ஆண்டுச் சட்டம் அதனைத் தடை செய்தது. அச்சட்டத்தின் ஆங்கிலப் பெயரிலேயே 'கூட்டு' என்னும் தமிழ்ச்சொல் நிலைபெற்றிருப்பது குறிப்பிடத்தக்கது.

நீலாயில் நிகழ்ந்த வெளியேற்றம்

1981 செப்டம்பரில் பெர்மோடாலான் நேஷனல் நிறுவனம் இலண்டன் பங்குச்சந்தையில் கத்ரியின் பெரும்பான்மைப் பங்குகளை வாங்கியது. 2007இல் கத்ரி, கோல்டன் ஹோப், சைம் டார்பி ஆகியவை இணைக்கப்பட்டன. தோட்ட நிறுவனங்களின் உரிமை இவ்வாறு இந்நாட்டவர் கைக்கு வந்தது. ஒவ்வொரு கைமாற்றத்திலும் பங்கு வைத்திருந்தோர் விலை பெற்றனர்.

1990களில் நீலாய் வட்டாரத் தோட்ட நிலங்கள் நகர்நிலங்களாயின. 1998இல் சிப்பாங்கில் பன்னாட்டு விமான நிலையம் திறக்கப்பட்டமை, சுற்றுவட்டார நிலத்தின் தேவையை மேலும் உயர்த்தியது. துணிகர முதலீட்டில் வெளியேற்றம் என்பது காத்திருந்தோர் பயன்பெறும் நாள். தோட்டப்புறத்தில் அந்நாள் வந்தபோது பாட்டாளிக்குக் கிடைத்தது எவ்வளவு? 1980ஆம் ஆண்டின் பணிநீக்க நலன் விதிகளின்படி, ஐந்தாண்டுகளுக்கு மேல் உழைத்தவர்க்கு ஓராண்டுக்கு 20 நாள் கூலி. முப்பதாண்டு உழைத்தவர்க்கு 600 நாள் கூலி. கணக்கின் அடிப்படை நாட்கூலியே. நிலத்தின் மதிப்பு அக்கணக்கில் எவ்விடத்தும் வருவதில்லை. இதற்கு மேல் கிடைத்த வீடோ தொகையோ தொழிற்சங்கத்தின் பேச்சாலும் மக்களின் போராட்டத்தாலும் வந்ததேயன்றி, உரிமையாக எழுதப்பட்டதன்று.

பங்கு இருந்தால் மட்டும் போதுமா என்பதையும் எண்ண வேண்டும். 1982இல் தொடங்கப்பட்ட மைக்கா ஹோல்டிங்ஸ், ஏறத்தாழ 66,000 இந்தியரிடம் 10.6 கோடி ரிங்கிட் திரட்டியது. அவர்களுள் எளியோர் பலர். 2010இல் பங்கு ஒன்றுக்கு 80 சென் என்னும் விலை முன்வைக்கப்பட்ட பின்னரே அவர்களுக்கு வெளியேற வழி பிறந்தது. பணம் இடும்போதே கண்காணிப்பும் வெளியேறும் வழியும் எழுதப்பட வேண்டும் என்பதற்கு இது நம் சமூகத்தின் பட்டறிவு.

முடிவுரை

மேற்கண்டவற்றால், தோட்டத்துறையின் வரலாற்றைக் கூலி, கடன், பங்கு என்னும் மூவகை ஒப்பந்தங்களின் வரலாறாகவும் காணலாம் என்பது தெளிவாகின்றது. மூன்றும் காத்திருப்பைக் கோரின. பங்கு ஒன்றே அதற்கு எல்லையற்ற விலை கொடுத்தது. நம் பாடநூல்களும் ஆய்வுகளும் கூலியைப் பற்றி நிறையப் பேசியுள்ளன. கடனைப் பற்றிச் சிறிது பேசியுள்ளன. பங்கைப் பற்றிப் பேசியது மிகக் குறைவு. இன்று தமிழ்ப்பள்ளிகளில் பயிலும் மாணவர்களுள் சிலர் நாளை புதுத்தொழில் தொடங்கக்கூடும். பிறர் தொழிலில் முதலிடவும் கூடும். அவர்கள் கையொப்பமிடும் தாளில் இம்மூன்றுள் எது எழுதப்பட்டுள்ளது என்று கேட்டறியும் திறம் அவர்களுக்கு வேண்டும். தோட்ட நிறுவனங்களின் ஆண்டறிக்கைகள், கூட்டுறவுச் சங்கத்தின் பதிவேடுகள், நீலாய் வட்டார முதியோரின் வாய்மொழிச் சான்றுகள் ஆகியவற்றை இந்நோக்கில் ஒருசேரக் கற்பது, தமிழாய்வாளர்க்கும் ஆசிரியர்க்கும் உரிய அடுத்த பணியாகும் என்று கருதுகின்றோம்.